வெளியூர் போகும்போது அங்குள்ள மனிதர்களைப் படம் எடுக்க ஆசை, ஆனால் அவர்கள் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். என் பதில் இவ்வளவுதான், இது எனக்குப் புரிந்ததே ஒருமுறை அசிங்கப்பட்ட பிறகுதான்.

வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை எடுத்தேன். பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன் என்று சொன்னேன், மறந்தும் போனேன். அடுத்த வருடம் அதே தெருவில் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டோ எங்கே?" கையில் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தத் தெருவில் ஒருத்தர்கூட கேமராவுக்கு முகம் கொடுக்கவில்லை.

பெரிய ஆட்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 1936இல் கலிபோர்னியாவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவின் பெயரைக்கூட லாங் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று ஊருக்குத் தெரிய வந்தது 1978இல்தான். ஒரு காப்பி அனுப்புவதாக லாங் சொன்னார், அனுப்பவே இல்லை என்பது தாம்சனின் மனக்குறை.

அதனால் இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் வீட்டு அடையாளமும் அதில் ஏறிய பிறகுதான் அடுத்த ஆள்.

லென்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: 200 மி.மீ. லென்ஸில் தூரத்திலிருந்து எடுப்பது எனக்குத் திருட்டு மாதிரிதான் படுகிறது. 35 அல்லது 50 மி.மீ. என்றால் பக்கத்தில் போயே ஆக வேண்டும், போனால் பேசாமல் இருக்க முடியாது. முதல் நாலைந்து படத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள், அதைத் திரையில் காட்டினால் ஒரு சிரிப்பு, தலையைக் கோதிக்கொண்டு "இன்னொண்ணு எடு" என்பார்கள், தோள் தளர்ந்திருக்கும், அதுதான் படம். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேட்காமல் கேமராவைத் தொடாதீர்கள். வேண்டாம் என்றால் சரி, கிளம்பிவிடுங்கள்.

அந்தப் பெரியவருக்கு மூன்றாவது தடவை போனபோது பிரிண்ட் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "என் காது இவ்வளவு பெரிசா?" என்றார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்.