கேள்வி கேட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

வேதபாட வகுப்பில் திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற போதனை) பற்றிக் கேட்டதற்கு "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்று வாயை அடைத்துவிட்டார்கள், அதிலிருந்து வகுப்புக்கே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்ற சீஷன் தோமாவைச் சொல்லித்தான் அதட்டியிருப்பார்கள். யோவான் 20-ஐ இன்னொரு முறை படியுங்கள். காணாமல் விசுவாசிப்பவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் தோமாவைத் தம் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டார், துரத்தவில்லை. பெரோயா ஊரார் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அவர்களைப் புகழத்தான் செய்கிறது.

அப்புறம், நீங்கள் கேட்ட விஷயமே விவாதத்தில் வளர்ந்ததுதான். குமாரனாகிய இயேசு பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா என்று ஆரியுஸ் என்ற குருவானவரின் போதனையால் எழுந்த சண்டைக்காகத்தான் 325-ல் நிசேயாவில் பேராயர்கள் கூடினார்கள். அதோடும் முடியவில்லை, 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் மறுபடி கூட வேண்டியிருந்தது.

ஒன்று, பதில் கிடைக்கும்வரை ஜெபத்தை நிறுத்திவைக்காதீர்கள். மாற்கு 9-ல் நோயுற்ற பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் சொன்னான், பிள்ளை குணமானான். வகுப்பில் முடியாவிட்டால் போதகரைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். பத்துப் பேர் நடுவில் பதில் தெரியாமல் திணறுகிறவர்கள்தான் பெரும்பாலும் அதட்டுகிறார்கள்.