நீட் மறுமுயற்சியும் இரவு ரீல்ஸும்

தம்பி, இரண்டாம் முறை நீட் எழுதுகிறேன், டவுட் குரூப் வாட்ஸ்அப்பில் இருப்பதால் போனை ஒதுக்க முடியவில்லை, 11 மணிக்குக் கையில் எடுத்தால் 2 மணிவரை ரீல்ஸ், காலையில் தலை கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து உங்களையே சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது; நாளெல்லாம் படித்துக் களைத்த மூளையால் அந்த நேரத்தில் அதை எதிர்த்து நிற்க முடியாது.

என் தங்கைக்கும் இதே கதைதான். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்து, 10 மணிக்கெல்லாம் போனை அடுப்பங்கரை அலமாரியில் சார்ஜ் போட வைத்தோம். முதல் நான்கைந்து நாள், பாவம், தூக்கத்திலேயே தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவாள். அப்புறம் சரியாகிவிட்டது.

இன்ஸ்டாகிராமை மட்டும் நீக்குங்கள். டைமர் போட்டால் நாமே அதை எடுத்துவிடுவோம். வாட்ஸ்அப் இருக்கட்டும், குரூப்பை மியூட் செய்துவிட்டு மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பாருங்கள். நீட் தேர்வே மதியம் 2 மணிக்குத்தான் தொடங்குகிறது. இரவுத் தூக்கம் கெட்டால் சரியாக அந்த நேரத்தில்தான் கண் சொக்கும். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் தலைபாரம் விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.