கிறிஸ்தவ அன்பை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் காட்டுவது?

கேள்வி கேட்டவர், “ஊழியத்துக்கெல்லாம் போகாமல், வேலைக்குப் போய்வருகிற சாதாரண ஆள் என்ன செய்யலாம்?” என்றும் சேர்த்திருக்கிறார். நானும் அந்த ரகம்தான். சென்னை ராயபுரத்தில் லைன் வீடு. ஏழு குடும்பம், ஒரே குழாய்.

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. அப்பா கத்தோலிக்கர், அம்மா சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை). அம்மாவின் பழைய மொழிபெயர்ப்பில் நியாயசாஸ்திரி (யூத மதச் சட்டம் படித்தவன்) ஒருவன் இயேசுவிடம், “எனக்குப் பிறன் யார்?” என்று கேட்கிறான். அப்பாவின் பைபிளில் அதே கேள்வி, “எனக்கு அடுத்திருப்பவர் யார்?” பிறன் என்றால் வேற்றாள். குறளில் பிறன்மனை என்று வருகிற அதே பிறன். அடுத்திருப்பவர் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் காலை ஐந்து மணிக்கு மிக்ஸி போடுகிறவர். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம். முன்பின் தெரியாதவரிடம் ஒரு நாள் அன்பாக இருந்துவிடலாம். குழாயடியில் தினமும் குடத்துக்காக முறைத்துக்கொள்கிறவரிடம்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நல்ல சமாரியன் கதை வருகிறது (லூக்கா 10). எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நம்ம பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகிற தூரம் என்று வையுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை கோயில் ஆசாரியனும், கோயில் பணிசெய்யும் லேவியனும் விலகிப் போக, யூதர்களுக்கு ஆகவே ஆகாத சமாரியன் நின்றான். “தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றி” என்று அம்மா வாசிக்கும்போது நான் பஜாஜ் ஸ்கூட்டரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிரசங்கத்தில் பெரும்பாலும் அவன் காயம் கட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது மறுநாள். அடிபட்டவனைச் சேர்த்த சத்திரத்தில், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் அது கூலிக்காரனுக்கு இரண்டு நாள் சம்பளம். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். தன் வேலையையும் விடவில்லை, அவனையும் விடவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் பைபிளில் உண்டா, தெரியவில்லை.

இது எனக்கு உறைத்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில். எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். சபை வாலிபர்களோடு சேர்ந்து ரொட்டி, பால் பாக்கெட், மெழுகுவர்த்தி எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு பையிலும் இயேசுவைப் பற்றிய ஒரு துண்டுப்பிரதி வைத்தது என் யோசனை. பக்கத்து வீட்டுக் கருவாட்டு ஆயா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ரொட்டி சரி நைனா, இந்தக் காயிதம் நனைஞ்சி கீதே, அடுப்பு மூட்டக்கூட ஆவாதே” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. துண்டுப்பிரதியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பசியோடு இருக்கிறவரிடம் ரொட்டியை ரசீதோடு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை, நான் உட்பட. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஆயா ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தையைத் தனியாக மாடிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஈர மெத்தை என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மெத்தையை ஏற்றினேன். அப்புறம் அரசு கொடுத்த 6,000 ரூபாய்க்கு டோக்கன் வாங்க ரேஷன் கடை வரிசை. ஆயாவால் நிற்க முடியாது. நான் நின்றேன், ஆயா கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு வரிசையில் புகுந்தவர்களைத் திட்டியது. அன்புக்கு உதாரணமாக இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது இதுதான்.

போன வருடம் ஆயா வீட்டுக்காரரை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றைக்கு வார்டு வாசலில் பன்னிரண்டு பேர். நாலாவது நாள் இரவு துணைக்கு ஆள் இல்லை. ஆயாவுக்குக் கண் சொருகுகிறது. “நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு ஆயா, காலையில ஏழு மணிக்கு வந்தா போதும்” என்று நான் இருந்துகொண்டேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தடவை சிறுநீர்ப் பையைப் பார்த்து நர்ஸிடம் சொன்னேன், ஒரு தடவை வெந்நீர் வாங்கி வந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய், அவர் மகன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். ஜெபம் செய்தேனா என்றால், செய்தேன், வாய்க்குள். சத்தமாகச் செய்திருந்தால் தாத்தா எழுந்திருப்பார்.

இடையில் ஒன்று. எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தும், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து போகிறவர்கள் நிறைய. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உதவுகிறவர் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நில்லுங்கள்.

மற்றபடி நான் அப்படியொன்றும் நல்லவன் இல்லை. மிக்ஸி சத்தத்துக்கு இன்றைக்கும் சுவரைத் தட்டுகிறேன்.

இன்று காலை தண்ணீர் லாரி வந்தபோது தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என் இரண்டு குடமும் நிரம்பி வாசலில் இருந்தன. ஒன்றின் மேல் ஆயா வீட்டு எவர்சில்வர் தட்டு மூடியிருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.