பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் எல்லாம் எங்கே போயின?

கேள்வி இதுதான்: "சின்ன வயதில் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் கிரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று சரம் சரமாகத் தொங்கும். இப்போது தேடினாலும் கண்ணில் படுவதில்லை. டிவி வந்ததால்தான் அழிந்தனவா? பழையவை எங்காவது கிடைக்குமா?"

டிவி ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் அதை மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். மாமா பல வருஷம் பத்திரிகை ஏஜென்சி வைத்திருந்தார், அம்மா முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டியாபீசில், வேலை பார்த்தார். விற்ற கையையும் வாசித்த கையையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மலிவு விலைக் கதைப் புத்தகம் என்றதும் நிறைய பேர் 1980களில் இருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் எல்லாம் துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ரெனால்ட்ஸ் மாதிரி ஆங்கில எழுத்தாளர்களைத் தழுவியதும் அதில் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். பெண்கள் வீட்டுக்குள் இருந்து ஒளித்து வைத்து வாசித்த காலம் அது. பிறகு விகடன், கல்கி, குமுதம் என்று வாரப் பத்திரிகைகள் தொடர்கதையால் வளர்ந்தன. தொடருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஒரு முழு நாவலை மாதம் ஒன்றாகக் கையில் கொடுத்துவிடலாம் என்ற யோசனையில் 1969ல் 'ராணி முத்து' வந்தது. குமுதம் குழுமத்தில் இருந்து 'மாலைமதி' வந்தது. எண்பதுகளில் ஜி. அசோகன் போன்ற பதிப்பாளர்கள் கிரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று கொண்டுவந்ததும் அது ஒரு வெள்ளமாகவே ஆகிவிட்டது. ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபா என்ற பெயரில் எழுதிய இரட்டையரின் நரேந்திரன், வைஜயந்தி என்று துப்பறியும் ஜோடிகள் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ரமணிசந்திரனின் குடும்பக் கதைகள். சுஜாதாவின் கணேஷ், வசந்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு வாசலும் இருந்தது, அதை மற்ற ஊர்க்காரர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்தவர்கள். விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது மலையாள எழுத்து. அதனால் களியக்காவிளையிலும் குழித்துறையிலும் ஒரே கடையில் ராணி முத்து தொங்கும், பக்கத்திலேயே கோட்டயத்தில் இருந்து வரும் மங்களம், மலையாள மனோரமா வாரிகைகள், அதாவது வார இதழ்கள், தொங்கும். அங்கே அவற்றை 'ம' வாரிகைகள் என்றும் பைங்கிளி இலக்கியம் என்றும் இளப்பமாகச் சொல்வார்கள். ஆனால் 1985ல் மங்களம் 17 லட்சம் பிரதி விற்றது! கோட்டயம் புஷ்பநாத் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஊரில் இருந்துகொண்டே தன் துப்பறிவாளன் மார்க்ஸினை ஐரோப்பா முழுக்க ஓடவிட்டார். அவர் கதைகள் தமிழிலும் வந்தன. எங்கள் தெருவில் அவருக்குத் தமிழில் ஒரு கூட்டம், மலையாளத்தில் ஒரு கூட்டம்.

அண்டியாபீசில் இந்தப் புத்தகங்கள் எப்படிப் போயின என்று சொன்னால்தான் அதன் அருமை புரியும். தனியாக ஒரு புத்தகம் வாங்குகிற கூலி அங்கே யாருக்கும் இல்லை. நாலைந்து பேர் காசு போட்டு ஒன்று வாங்குவார்கள், ஒரு ராத்திரி ஒரு வீட்டில் இருக்கும். வறுத்த கொட்டையை உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், இருந்தாலும் தோட்டில் இருந்து வரும் எண்ணெய் விரலைக் கறுப்பாக்கிவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அம்மா வீட்டுக்குக் கொண்டுவரும் நாவலின் வலது பக்க மூலை ஒவ்வொன்றிலும் அந்தக் கறை இருக்கும். கடைசி அத்தியாயங்களில் கறை கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அதை மட்டும் திரும்பத் திரும்பப் புரட்டியிருப்பார்கள். அம்மா ராத்திரி வாசித்ததை மறுநாள் வேலைக்கு நடுவில் கதையாகச் சொல்ல வேண்டும், வாசிக்கத் தெரியாதவர்களும் காசு போட்டிருக்கிறார்களே. அம்மா கொஞ்சம் நிறுத்தினால் போதும், "பின்ன அவ செத்தாளா இல்லியா, சொல்லு பிள்ளே" என்று வயதான ஒரு பாட்டி அதட்டுவாராம்.

ராஜேஷ்குமார் பாணியில் ஒரு வித்தை உண்டு, வாசித்தவர்களுக்குத் தெரியும். ஒரு அத்தியாயம் கோயமுத்தூரில் ஒரு வீட்டில் நடக்கும், அடுத்தது சம்பந்தமே இல்லாமல் வேறு ஊரில் வேறு ஆட்களோடு நடக்கும், மூன்றாவதில் மறுபடி பழைய வீடு. இரண்டும் கடைசியில்தான் ஒன்று சேரும். வாய்வழியாகக் கதை சொல்ல இதைவிட வசதி கிடையாது. கொட்டை உடைக்கிற பக்கம் ஒரு கதை, தோல் உரிக்கிற பக்கம் இன்னொரு கதை என்று பிரித்துக்கூடச் சொல்லலாம் என்பார் அம்மா. இதை மட்டமான எழுத்து என்று ஒதுக்குகிறவர்கள், அந்தக் கட்டுமானத்தை ஒருமுறை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மூன்று நாலு நாவல் என்ற வேகத்தில் அதைக் குலையாமல் செய்வது சின்ன வேலை இல்லை.

சரி, அழிந்த கதைக்கு வருகிறேன்.

மாமாவின் தொழில் இப்படித்தான் நடந்தது. மெட்ராசில் இருந்து கட்டு ரயிலில் நாகர்கோவில் வரும், அங்கிருந்து பஸ்ஸில் மார்த்தாண்டம். விடிவதற்குள் பிளேடால் சணலை அறுத்து, கருங்கலுக்கு இத்தனை, அருமனைக்கு இத்தனை, மேல்புறத்துக்கு இத்தனை என்று பிரித்து, முதல் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டு அனுப்பிவிடுவார். கடைக்காரர் விற்றதற்குக் காசு கொடுப்பார், விற்காததைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு பிரதிக்குக் கடைக்காரருக்கு நிற்பது சில்லறைக் காசுதான், ஆனாலும் வாசலில் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிடுவார், ஏனென்றால் அட்டையைப் பார்க்க நிற்கிறவன் ஒரு சர்பத்தாவது குடிப்பான். வாங்க வைத்தது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும், நாவலோ அந்தப் பயணத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும் நீளம்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றதை நான் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு பைக் வந்தது, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆள் குறைந்தது. அதே கயிற்றில் ஷாம்பு, சிப்ஸ் பாக்கெட் தொங்கின, பிறகு ரீசார்ஜ் கூப்பன். மாதம் முழுக்கத் தொங்கி வெயிலில் வெளுத்து, கடைசியில் ரிட்டர்ன் போகிற புத்தகத்துக்கு எந்தக் கடைக்காரர் இடம் கொடுப்பார்? சின்னக் கடைகள் நிறுத்தியதும் மாமாவுக்குக் கட்டு பிரித்து அனுப்புகிற செலவே கட்டுப்படியாகவில்லை. கேட்டு வருகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், புத்தகம்தான் அவர்கள் இருக்கும் இடம் வரை வரவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1896ல் ஆர்கோசி என்ற பத்திரிகை மரக்கூழ்க் காகிதத்துக்கு மாறி, முழுக்கக் கதைகளாகப் போட ஆரம்பித்தது. அந்த வழியில் 1920களில் பிளாக் மாஸ்க், வியர்ட் டேல்ஸ், அமேசிங் ஸ்டோரீஸ் எல்லாம் வந்தன. உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு, அப்புறம் சட்டைப்பை அளவு மலிவுப் பதிப்பு நாவல்கள், டிவி என்று அடி மேல் அடி. அதையெல்லாம் தாண்டி நின்றவற்றில் பலவும், 1957ல் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி என்ற மிகப் பெரிய விநியோக நிறுவனம் பத்திரிகை விநியோகத்தைக் கைவிட்டபோது விழுந்தன. கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கை போய்விட்டால் கதை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

டிவியின் பங்கு என்று நான் சொல்வது வேறு. 1993ல் சன் டிவி வந்தது, அடுத்த சில வருஷங்களில் மெகா சீரியல்கள் வந்தன. அவை வாசகர்களை மட்டும் இழுக்கவில்லை, எழுத்தாளர்களையே எடுத்துக்கொண்டன. இந்திரா சௌந்தர்ராஜன், தேவிபாலா சீரியலுக்குப் போனார்கள், சுபா பிற்பாடு கே.வி. ஆனந்தின் படங்களுக்கு எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நாவலுக்குக் கிடைத்த பணம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும். ஆனால் அவர்கள் விட்ட இடத்தில் புதிய ஆட்களை வளர்க்காமல், சில பதிப்பாளர்கள் பழைய கதையையே புது அட்டை போட்டு விட்டது எனக்கு இன்றும் கோபம். மாமா கடைக்கு ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, "அண்ணே, இது நான் நேரத்தே வாசிச்ச கதையாக்கும், அட்டைய மட்டும் மாத்தியிருக்கானுவ" என்றார். மறுபதிப்பு என்று முன்னாலேயே பெரிதாகப் போட்டிருந்தால் அவர் சந்தோஷமாக வாங்கியிருப்பார். வருஷக்கணக்கில் மாதம் தவறாமல் வாங்கியவர், அதன்பிறகு வரவே இல்லை.

2016க்குப் பிறகு டேட்டா மலிவானதும், 2020ல் ஊரடங்கில் ரயிலும் பஸ்ஸும் நின்றதும், ஏற்கெனவே தள்ளாடியதைக் கீழே தள்ளின. அது பற்றி நீட்ட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. பெண்ணைக் கொன்று முதல் பக்கத்தில் கிடத்துவதும், அட்டையில் கதைக்குச் சம்பந்தமில்லாத கவர்ச்சிப் படமும் நிறையவே உண்டு. காதல் நாவல்களில் கன்னத்தில் அறைகிறவனை நாயகன் என்று எழுதியதை என் மகள் வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்க மாட்டேன். ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு என்று தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பள்ளிக்கூடம் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது உண்மை, பள்ளியை விட்ட பிறகும் அது மறந்துபோகாமல் என் அம்மா போன்றவர்களிடம் நிலைத்ததற்கு இந்த நாவல்கள் ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவர், வங்கிப் படிவத்தை இன்றுவரை யார் உதவியும் இல்லாமல் தானே நிரப்புகிறார்.

வாசகர்கள் எங்கே போனார்கள் என்றால், நிறைய பேர் எங்கேயும் போகவில்லை. பிரதிலிபி மாதிரி செயலிகளிலும் கிண்டிலிலும் வரும் குடும்ப நாவல்களைப் பாருங்கள், ரமணிசந்திரன் போட்ட பாதை அப்படியே தெரியும். எழுதுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம். அம்மா இப்போது யூடியூபில் நாவல்களை ஒலி வடிவில் போட்டுவிட்டு மீன் கழுவுகிறார். வாசிக்கிறவர் அவசரப்பட்டால் திட்டுகிறார்.

பழைய பிரதி வேண்டும் என்றால்: நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடைகளில் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேட்காமல் "மாத நாவல் கட்டு இருக்கா" என்று கேட்டால்தான் உள்ளே இருந்து எடுத்து வருவார்கள். ராணி முத்துவின் பழைய இதழ்கள் சிக்கினால் விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் கட்டு ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், இந்தக் காகிதம் சீக்கிரமே மஞ்சளாகி உதிர்ந்துவிடும், நூலகங்கள் அதிகம் சேர்த்து வைத்ததும் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த மாதிரி வெகுஜன அச்சையும் மதித்துப் பாதுகாக்கிற இடம், கொடுப்பதற்கு முன் அவர்களிடம் என்ன இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மங்களம், மனோரமா பழைய வாரிகைகள் விளவங்கோடு பக்கம் யாரிடமாவது இருந்தால் கருத்தில் எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.