மூடி பூட்டாத பற்றரி

கடிதம்:

வணக்கம் அண்ணா. மல்லாவியில இருந்து எழுதுறன். பத்து வயதுத் தம்பிக்குப் பழைய பிஎஸ்பி 3000 (சோனியின்ர கைக்கேம்) ஒண்டு வாங்கிக் குடுத்தன். 'நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் ரைவல்ஸ்' விளையாடுறான். வளைவு எல்லாத்திலயும் கார் சுவரில உரசுது, கடைசியாத்தான் வாறான். என்ஜினைக் கூட்டினாச் சரிவருமோ? பற்றரி மூடியும் பூட்டுதில்லை, செலோரேப் ஒட்டியிருக்கிறம். பிள்ளை கெட்டுப்போவானோ எண்டு அம்மா பயப்பிடுறா.

பதில்:

அன்புள்ள தம்பி,

பாடம் முடிந்தபின் ஒரு மணித்தியாலம் விளையாடினால் ஒருவரும் கெட்டுப்போவதில்லை, அம்மாவிடம் சொல்லும். என்ஜினை விடும். வளைவுக்கு முன்னரே, கார் நேராக ஓடும்போதே பிரேக் பிடிக்கவேண்டும். திரும்பும்போது பெருவிரலை மெல்லச் சாய்த்தால் போதும். நைட்ரஸ், அதாவது திடீர் வேகம் தரும் பொத்தான், காரின் மூக்கு நேரான பிறகுதான்.

செலோரேப் என்று வாசித்ததும் எனக்குக் கார் மறந்துபோயிற்று. பழைய கைக்கேம்களின் பற்றரி பற்றி எழுதவேண்டும் என்றிருந்த நேரம் இது. மூடியில் பிழையிராது, உள்ளே பற்றரி உப்பியிருக்கும். கழற்றிக் கண்ணாடியில் வைத்து ஓரத்தைத் தட்டிப் பாரும். நல்லது அசையாது, உப்பினது பம்பரம்போலச் சுற்றும்.

வயதாலும் சூட்டாலும் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் சார்ஜில் கிடந்தால் இன்னும் கெதியாக உப்பும். அதை ரேப் போட்டு அமுக்கிப் பிள்ளையின் கையில் குடுக்கிறீரே! உள்தகடுகள் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கக்கூடும். இவ்வளவு பாசமாக வாங்கிக் குடுத்தவர் இதை யோசிக்கவேண்டாமா?

இப்போதே சார்ஜரைக் கழற்றி, ஓஃப் பண்ணி, ரேப்பை உரியும். பற்றரி இறுகியிருந்தால் ஸ்குரூட்ரைவரால் நெம்பவேண்டாம்; கவிழ்த்து உள்ளங்கையில் மெல்லத் தட்டும். காய்ந்த மணல் போட்ட பேணிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் விடும். பேணியின் மூடியை இறுக்கவேண்டாம். குப்பையோடு கொளுத்தவே கூடாது. போன் திருத்தும் கடையில், பழைய பற்றரி எடுப்பார்களோ என்று கேட்டுக் குடும்.

அதுவரை பற்றரி இல்லாமலே சார்ஜரில் விளையாடலாம்; அதன் சார்ஜர் 5 வோல்ட், 1.5 அம்பியர். கரண்ட் போனால் எல்லாம் போய்விடும், ஒவ்வொரு ரேஸும் முடிய சேவ் பண்ணச் சொல்லும்.

புதுசு வாங்கும்போது 3.6 வோல்ட், 1200 மில்லியம்பியர்-மணி என்று பாரும். அதே மெல்லிய அளவில் 3600 என்று அச்சடித்திருந்தால் பொய், வாங்கவேண்டாம். பழைய பிஎஸ்பி 1000 மொடலின் 1800 மில்லியம்பியர்-மணி பற்றரி தடிப்பு, உமது மூடிக்கு அடங்காது. போட்டபின் ரேப் இல்லாமல் மூடி டிக்கென்று பூட்டவேண்டும். பூட்டினபிறகு எழுதும், என்ஜினைப் பற்றிப் பேசுவோம்.