சின்ன வீட்டில் டிரம் வைத்து மாடி மழைத் தண்ணீரைப் பிடித்தால் வாசலில் தேங்குவது குறையுமா?

டிரம் மட்டும் வைத்தால் குறையாது. டிரம் நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வைத்தால் குறையும். வீடியோக்களில் டிரம்மையும் குழாயையும் காட்டுகிறார்கள், வழிகிற தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் வடசென்னையில் வியாசர்பாடி, மூன்றடி சந்து என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒட்டித்தான் இருக்கும், உங்கள் மாடித் தண்ணீர் விழுவது எதிர்வீட்டுக்காரர் வாசலில்தான். நாங்களும் வடசென்னைதான், தண்டையார்பேட்டை, இதே கதைதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் மொட்டை மாடி 500 சதுர அடி, சுமார் 46 சதுர மீட்டர். 1 செ.மீ. மழைக்கு 460 லிட்டர், தெறித்தது தளம் குடித்தது போக 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் நீல டிரம் இரண்டு அதிலேயே நிறைந்துவிடும். ஐப்பசியில் நன்றாகப் பிடித்தால் 1 செ.மீ. மழைக்கு அரை மணி நேரம் கூட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தக் கணக்கில் 500 சதுர அடி மாடியிலிருந்து மட்டும் 18,000 லிட்டர் இறங்கும். 9,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டை உங்கள் சந்தில் திறந்துவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. இரண்டு டிரம் அதில் எந்த மூலைக்கு?

பிறகு ஏன் நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம் என்றால், தண்ணீருக்காக. எங்கள் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். 2013ல் எங்கள் தண்டையார்பேட்டையிலேயே போர் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, லாரி வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். மழைத் தண்ணீரில் துணி துவைத்துப் பாருங்கள், பாதி சோப்பு போதும். தலைக்கு ஊற்றினால் முடி சிக்கு பிடிக்காது. அடைமழைக் காலத்தில் துணி, பாத்ரூம், வீடு துடைப்பது எல்லாமே எங்களுக்கு டிரம் தண்ணீர்தான், மோட்டார் போடுகிற வேலை பாதியாகிவிட்டது.

குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். "அந்தக் காலத்தில் மழைத் தண்ணியிலதான் பருப்பு வேக வைப்போம்" என்று யாராவது வருவார்கள். அது வெட்டவெளியில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீர். நம் மாடியில் இருப்பது புறா எச்சமும் கண்டெய்னர் லாரிப் புகையின் கரியும். அதனால் சீசனின் முதல் மழையை டிரம்முக்குள் விடவே கூடாது. நடுவில் மழை இல்லாமல் நான்கைந்து நாள் போனாலும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் பிடிக்க வேண்டும். இதற்காகவே இறங்கு குழாயின் அடியில் கழற்றி மாட்டுகிற மூடி போட்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் சண்டைக் கதை. முன்பு மாடிக் குழாய் நேராகச் சந்தில்தான் கொட்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா வீடு தெருவை விடத் தாழ்வு, ஒவ்வொரு மழைக்கும் அவர் வாசலில் முறத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே என் மாமனாரைத் திட்டுவார், இவர் பதிலுக்குத் திட்டுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் டிரம் வைக்கச் சொன்னேன். பிளம்பர் வந்தார். மேலே வருவது மூன்று அங்குலக் குழாய், வழிந்து போக அவர் வைத்தது ஒரு அங்குலம். "ஏன்ணே, வர்றது இவ்ளோ பெருசு, போறது இத்துனூண்டா?" என்று கேட்டேன். "இது போதும்க்கா, எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்றார். அடுத்த பெரிய மழையில் டிரம் மூடியைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் வழிந்து, அதே பெரியம்மா வாசல், அதே முறம். திரும்பக் கூப்பிட்டு என் கண் முன்னால் மூன்று அங்குலத்துக்கு மாற்ற வைத்தேன். கூலி இன்னொரு தரம் கேட்டார், நான் கொடுக்கவில்லை, அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அந்தக் குழாயை எங்கே விட்டோம் என்றால், 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது என் மாமனார் போட்ட ஜல்லிக் குழியில். மண் அடைத்துக் கிடந்ததைத் தோண்டி, ஜல்லியைக் கழுவித் திரும்பப் போட்டோம். உங்கள் வீட்டிலும் பழைய குழி இருக்கும், தேடுங்கள். தொடர் மழையில் பூமியே தண்ணீரை ஏற்காத நாட்களில் குழியும் நிறையும், அப்போது தெருவில் எல்லார் வீட்டிலும்தான் நிற்கும், அதை டிரம்மால் தடுக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சாதாரண மழைக்குப் பெரியம்மா வாசல் இப்போது காய்ந்திருக்கிறது.

கொசு வரும் என்பவர்களுக்கு: திறந்து வைத்தால் கட்டாயம் வரும். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மூடி, வாயில் கொசுவலைத் துணி, வழியும் குழாய் முனையிலும் வலை. வலையில் இலை குப்பை அடைத்தால் தண்ணீர் இறங்காது, மழைக்கு முன்னால் ஒரு தரம் தட்டிவிடுங்கள். டிரம் காலியானால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

என் நாத்தனார் தென்சென்னையில் இருக்கிறார். டிரம்மைப் பார்த்து "உங்க ஏரியான்னாலே குடமும் டிரம்மும்தானா அண்ணி" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பையனுக்கு ஜாதகம் பார்க்கிறோம், படிப்பு, வேலை எல்லாம் கேட்டுவிட்டு "எங்க இருக்கீங்க" என்பார்கள், தண்டையார்பேட்டை என்றதும் "சொல்லி அனுப்புறோம்" என்று போனை வைத்துவிடுவார்கள். துறைமுகமும் அனல் மின் நிலையமும் குப்பைமேடும் எங்கள் பக்கம் வேண்டும், எங்கள் பிள்ளைக்குப் பெண் கொடுக்க மட்டும் யோசனை. இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

சரி, டிரம் வாங்கும்போது பழைய டிரம் கடையில் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள், கெமிக்கல் டிரம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நிறைந்தால் ஒன்று 200 கிலோ, சன்ஷேடில் ஏற்றாதீர்கள், தரையில் கல் கட்டி அதன்மேல் வையுங்கள், பக்கெட் நுழைகிற உயரம் இருந்தால் போதும். பிளம்பரைப் புரட்டாசியிலேயே பிடியுங்கள், மழை ஆரம்பித்துவிட்டால் கிடைக்க மாட்டார்கள். கூலி பேசும்போதே வழியும் குழாய் மூன்று அங்குலம் என்று சொல்லிப் பேசுங்கள்.