பொரித்த பேனக்: மேலே கருகி உள்ளே வேகாமல் போவது ஏன்?

கேள்வி: கனடாவின் டொராண்டோவில் ஜூன் 21, தேசியப் பழங்குடி மக்கள் நாள் விழாவில், அந்த மக்கள் செய்யும் பொரித்த பேனக் ரொட்டி சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வீட்டில் பூரிக்குப் பிசைவதுபோல் நன்றாகப் பிசைந்து, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். வெளியே கரும்பழுப்பு, நடுவில் பச்சை மாவு. ஆறியபின் ரப்பர்போல் இழுத்தது. எங்கே தவறு?

பதில்: பிசைதல், ஊறவிடுதல், எண்ணெயின் சூடு என மூன்றிலுமே தவறு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: பூரியின் முறையைப் பேனக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பூரி மெல்லியது, உள்ளே அடைபடும் நீராவியே அதை உப்ப வைக்கிறது. அதனால் அதற்குக் கெட்டியான, நன்றாகப் பிசைந்த மாவு வேண்டும். பேனக் தடிமனானது. அதை உப்ப வைப்பது பேக்கிங் பவுடர் வெளிவிடும் வாயு. அந்த வாயுவைக் கலைக்காமல் எண்ணெய் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதில் உள்ள கைப்பக்குவம்.

கடையில் கிடைக்கும் பேக்கிங் பவுடர் பெரும்பாலும் இரண்டு தடவை வேலை செய்யும். ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயு, சூடு பட்டதும் மீதி. அழுத்திப் பிசைந்து இரண்டு மணி நேரம் வைத்தால் முதல் பங்கு வீணாகிவிடும். பிசையப் பிசைய மாவின் பசையமும் (குளூட்டன்) இறுகும். மீதி வாயுவால் அந்த இறுக்கத்தைத் தள்ளிக்கொண்டு விரிய முடியாது. துளையில்லாத கட்டி மாவுக்குள் சூடு இறங்க நேரமாகும், அதற்குள் மேல்தோல் கருகிவிடும். ஆறியபின் ரப்பர்போல் இழுத்ததும் அந்தப் பசையத்தால்தான்.

12 துண்டுகளுக்கு: சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு 400 கிராம், பேக்கிங் பவுடர் 4 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, கொழுப்பு 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 270 மில்லி. கனடா மாவில் புரதம் அதிகம், அது இவ்வளவு தண்ணீரையும் குடிக்கும். இந்திய மைதா என்றால் 230 மில்லியில் தொடங்கி, தேவைக்குக் கூட்டுங்கள். பாரம்பரியமாகச் சேர்ப்பது லார்ட், அதாவது பன்றிக் கொழுப்பு. அது வேண்டாதவர்கள் வெண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்க்கலாம், ரொட்டி கெட்டுப்போகாது. பேக்கிங் பவுடரைக் கூட்டினால் இன்னும் உப்பும் என்று நினைக்க வேண்டாம், கசப்புத்தான் மிஞ்சும். பழைய டப்பா என்றால் ஒரு தேக்கரண்டியைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சோடா உப்பைப் போடக் கூடாது. இந்த மாவில் புளிப்பு எதுவும் இல்லாததால் அது சரியாக உப்பாது. காரத்தன்மையால் மேல்தோலும் சீக்கிரம் கறுக்கும்.

உலர்ந்த பொருள்களை முதலில் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். கொழுப்பை விரல் நுனியால் தேய்த்து, கட்டியில்லாமல் உதிர வையுங்கள். நடுவில் குழித்துத் தண்ணீரை ஊற்றி, முள்கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு தெரியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு மாவு தூவிய பலகையில் எட்டுப் பத்து முறை மடித்து அமுக்கினால் போதும். மாவு மேடுபள்ளமாக, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். வழவழப்பாகத் தெரிந்தால் பிசைந்தது அதிகம். ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி வேக இன்னும் தாமதமாகும்.

உருட்டுக்கட்டை தேவையில்லை. ஒவ்வொரு துண்டையும் கையாலேயே ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, நடுவில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். கடைசியாக வேகும் இடம் நடுப்பகுதிதான்; கீறல் வழியாக எண்ணெய் அங்கேயும் போகும். ஒட்டியிருக்கும் உலர்ந்த மாவைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது எண்ணெயில் கருகி அடுத்த ஈட்டையும் கெடுக்கும்.

அடிகனமான இரும்புச் சட்டியில் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கனோலா எண்ணெய் ஊற்றுங்கள். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தங்கள் வாசனையை ஏற்றிவிடும். சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள்: இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்து, ஒரு நிமிடத்தில் பொன்னிறமாக வேண்டும். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். 160 டிகிரிக்குக் கீழே போனால் தோல் இறுகத் தாமதமாகி ரொட்டி எண்ணெய் குடிக்கும். ஒரே நேரத்தில் நிறையத் துண்டுகளைப் போட்டாலும் இதே கதிதான், மூன்றுக்கு மேல் வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு முதல் இரண்டரை நிமிடம். முதல் துண்டைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் அடுத்ததை மெல்லியதாகத் தட்டி, தீயைச் சற்றுக் குறையுங்கள். வெந்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். சாதாரணத் தட்டில் அடுக்கினால் ஆவி பட்டு மொறுமொறுப்பு போய்விடும்.

எண்ணெய் வேண்டாம் என்றால் இதே மாவை ஒரே வட்டமாகத் தட்டி, 200 டிகிரி ஓவன் அடுப்பில் 25 நிமிடம் சுடலாம். குச்சியில் சுற்றித் தணலில் வாட்டுவதும் பழைய வழக்கம்.

இந்த ரொட்டியின் பின்னணியையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பேனக் என்ற பெயர் ஸ்காட்லாந்தின் வாற்கோதுமை, ஓட்ஸ் ரொட்டியிலிருந்து, மென்மயிர்த் தோல் வணிகர்கள் வழியாக வந்தது. அதற்கு முன்பே பல பழங்குடி மக்கள் சோளத்திலும், காமாஸ் போன்ற கிழங்குகளிலும் தங்கள் சொந்த ரொட்டிகளைச் செய்துவந்தார்கள். வேட்டை நிலங்களை இழந்து, அரசு ஒதுக்கிய இடங்களில் குடியேற்றப்பட்டபின், அரசுப் பங்கீட்டில் கிடைத்த மாவும் கொழுப்பும் அவர்களுடைய அன்றாட உணவாயின. அதனால் அவர்களில் சிலருக்கு இது பாட்டி கையால் உண்ட உணவு, சிலருக்கு இழப்பின் நினைவு. இரண்டையும் மதிக்க வேண்டும்.

வெண்ணெயோடும், சாஸ்கடூன் என்ற கனடாவின் சிறு ஊதாப் பழத்தில் செய்த ஜாமோடும் சூடாகச் சாப்பிடுவது வழக்கம். இறைச்சிக் குழம்புக்கும் நன்றாக இருக்கும். செய்த அன்றே தின்றுவிடுவது நல்லது. மிஞ்சினால் மறுநாள் 180 டிகிரி ஓவன் அடுப்பில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், முதலில் மெத்தென்று ஆகி, ஆறியதும் இறுகிவிடும்.